ஒராங்குட்டானும் பட்டைவால் மூக்கனும்: எட்டாத் தூரத்து உயிர்கள் இரண்டை ஒப்பிடுவது எப்படி?

இரண்டு விலங்குகளை ஒப்பிடச் சொன்னால் நம் கை தானாகவே தாளின் நடுவில் ஒரு கோடு போட்டுவிடும். இந்தப் பக்கம் "உடம்பெல்லாம் மயிர்", அந்தப் பக்கம் "உடம்பெல்லாம் இறகு". இங்கே "குட்டி போடும்", அங்கே "முட்டை இடும்". இப்படி இருபது வரி எழுதிவிட்டு, தலைப்பில் உள்ள பெயர்களை அடித்து "நாய்", "கோழி" என்று மாற்றிப் பாருங்கள். முக்கால்வாசி வரிகள் அப்படியே பொருந்தும். அதாவது நீங்கள் எழுதியது பாலூட்டிக்கும் பறவைக்கும் உள்ள வித்தியாசம். அந்த இரண்டு உயிர்களைப் பற்றி இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

இந்தப் பெயர்மாற்றுச் சோதனையில் தேறுகிற ஒப்பீட்டை எப்படி எழுதுவது என்பதுதான் இந்த வழிகாட்டி. வேண்டுமென்றே பொருந்தாத ஜோடியை எடுத்திருக்கிறேன்: மரத்தை விட்டு இறங்கவே யோசிக்கும் பெருங்குரங்கு ஒன்று, பெருங்கடலை ஒரே மூச்சில் கடக்கும் கரைப்பறவை ஒன்று.

படி 1: கூட்டத்தை விட்டு ஓர் இனத்துக்கு இறங்குங்கள்

"பெருங்குரங்கு" என்பது ஒரு விலங்கு அல்ல. கொரில்லா, சிம்பன்சி, பொனோபோ, ஒராங்குட்டான் எல்லாம் அதில் அடக்கம். கூட்டமாக வாழும் சிம்பன்சிக்குச் சொல்வது, பெரும்பாலும் தனித்துத் திரியும் ஒராங்குட்டானுக்குப் பொருந்தாது. "கரைப்பறவை" இன்னும் மோசம். உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் என்று இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கின்றன.

நான் எடுத்துக்கொள்வது ஒராங்குட்டானையும் பட்டைவால் மூக்கனையும். இனம் வரை வந்தாலும் போதாது, இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். ஒராங்குட்டானில் மூன்று இனங்கள்: போர்னியோ, சுமத்ரா, 2017இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட தபனூலி. பட்டைவால் மூக்கனிலும் பல கிளையினங்கள் உண்டு. ஐரோப்பியக் கரைகளில் குளிர்காலத்தைக் கழிப்பவை போகும் தூரம் வேறு, அலாஸ்காவில் முட்டையிட்டு நியூசிலாந்துக்கும் கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கும் போகிறவற்றின் தூரம் வேறு. நான் பேசப்போவது அலாஸ்காக்காரர்களைப் பற்றி. எந்தத் தகவலைக் குறித்தாலும் அது எந்தத் தீவு, எந்தக் கிளையினம் என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள். இந்தச் சின்னச் சோம்பலில்தான் நல்ல ஒப்பீடுகள் பலவும் கெடுகின்றன.

படி 2: கேள்வி ஒன்று, ஒன்றே ஒன்று

வேலையின் பாதி இதுதான். "என்னென்ன வித்தியாசம்?" என்பது கேள்வியே அல்ல. அதற்கு முடிவே கிடையாது. இரண்டு உயிர்களும் சந்திக்கிற ஒரு பொதுச் சிக்கலைத் தேடுங்கள்.

இந்த ஜோடிக்கு அது பசி. தீனி எல்லா நாளும் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. போர்னியோவின் தாழ்நிலக் காட்டில் பல மாதங்கள் பழமே இருக்காது. டிப்டெரோகார்ப் எனப்படும் உயரமான மரங்களும், கூடவே வேறு பல மரங்களும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகக் காய்த்துக் கொட்டும். இந்தக் கூட்டுக் காய்ப்பு பெரும்பாலும் பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளை ஒட்டி வருகிறது. எப்போது வரும் என்று நாள் குறிக்க முடியாது. அலாஸ்காவின் தூந்திரா எனப்படும் மரமற்ற குளிர்வெளியிலோ கோடையில் பூச்சி மொய்க்கும், குளிர்காலத்தில் எல்லாம் உறைந்துவிடும். அங்கே நாள் குறித்துவிடலாம்.

ஆக என் கேள்வி இது: தீனி இல்லாத காலத்தை இந்த இரண்டும் எப்படிக் கடக்கின்றன? ஒராங்குட்டான் இருந்த இடத்திலேயே காத்திருக்கிறது. மூக்கன் கிளம்பிப் போய்விடுகிறது. இனி சேகரிக்கும் எந்தத் தகவலும் இந்தக் கேள்விக்கு உதவினால் உள்ளே, உதவாவிட்டால் வெளியே. ஒராங்குட்டானின் செம்பட்டை நிறம் அழகுதான், ஆனால் என் தாளில் அதற்கு இடமில்லை.

படி 3: உறவுமுறையைச் சரிபாருங்கள்

இரண்டுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். அதற்குப் பிறகு ஒரு கிளை பாலூட்டிகளை நோக்கியும், இன்னொன்று ஊர்வன, பறவைகளை நோக்கியும் பிரிந்தது. இதைத் தெரிந்துகொள்வது, கண்ணில் படும் ஒற்றுமை எந்த வகை என்று பிரித்தறிவதற்காக.

ஒராங்குட்டானின் கையிலும் மூக்கனின் சிறகிலும் மேற்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு. இது பாட்டன் சொத்து, இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்தது. ஆனால் இரண்டுமே பஞ்ச காலத்துக்காக உடம்பில் கொழுப்பைக் குவிப்பது அப்படிப்பட்டதல்ல. கொழுப்பைச் சேர்க்கும் அடிப்படைத் திறன் பழையது, இவ்வளவு அளவுக்குச் சேர்க்கும் பழக்கம் அவரவர் பிழைப்புக்காகத் தனித்தனியே வளர்த்துக்கொண்டது. ஒவ்வோர் ஒற்றுமைக்கும் பக்கத்தில் "பரம்பரை" அல்லது "தனித்தனி" என்று ஒரு சொல் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: கிட்டே போய்ப் பாருங்கள்

எண்களுக்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். அது இல்லாமல் கணக்கில் இறங்கினால், கணக்கு சரியாக இருந்தாலும் எழுத்தில் உயிர் இருக்காது. ஆளுக்கு ஒரு காட்சி போதும்.

ஒராங்குட்டான் படுக்கை போடும் நேரம். இருட்டுவதற்குச் சற்று முன், நல்ல கவை ஒன்றைப் பார்த்து உட்காரும். சுற்றியுள்ள தடித்த கிளைகளை ஒவ்வொன்றாக உள்பக்கமாக வளைத்து, காலால் மிதித்துப் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பின்னும். இந்தக் கிளைகள் முழுதாக ஒடிவதில்லை, பாதி முறிந்து, பச்சை நாரில் தொங்கி நிற்கும். அதனால்தான் பாரம் தாங்குகிறது. பிறகு இலையடர்ந்த சின்னக் கொப்புகளை முழுதாக ஒடித்து மெத்தையாகப் பரப்பும். சில சமயம் தலைக்கு ஒரு கொத்து, மழை என்றால் மேலே ஒரு மூடாக்கு. எல்லாம் சில நிமிட வேலை. மறுநாள் மாலை பெரும்பாலும் வேறு மரம், புதுப் படுக்கை.

மூக்கன் இரை எடுக்கும் நேரம். கடல் உள்வாங்கியதும் ஈரச் சேற்றில் நடந்துகொண்டே அலகைக் குத்திக் குத்திப் பார்க்கும். ஓரிடத்தில் நின்றுவிடும். நீண்ட, லேசாக மேல்நோக்கி வளைந்த அலகு முகம் வரை சேற்றுக்குள் போகும். அலகு முழுவதையும் சேற்றுக்குள் திறக்க முடியாது, தேவையும் இல்லை. மேல் அலகின் நுனியை மட்டும் தனியாகத் தூக்க இந்தப் பறவைகளால் முடியும். நுனியைச் சுற்றி நுண்ணிய குழிகள், அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். கண்ணுக்குத் தெரியாத புழுவை அலகால் "தொட்டுப் பார்த்து", சாமணம்போல் பிடித்து உருவிவிடும். பெட்டைக்கு அலகு நீளம், அதனால் சேவலைவிட ஆழமான தண்ணீரில் நின்று மேயும்.

ஒன்று மரத்தை வளைக்கிறது, மற்றது மண்ணைத் துழாவுகிறது. இரண்டுமே காலடியில் இருப்பதை நுணுக்கமாகப் படிக்கத் தெரிந்தவை. இதையெல்லாம் "அறிவு" என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்து, யாருக்கு அதிகம் என்று மதிப்பெண் போடாதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

படி 5: ஒரே அளவுகோல், ஒரே அலகு

இங்கே நிதானமாகப் போக வேண்டும், தவறு நடக்கும் இடம் இதுதான்.

முதலில் தூரம். 2022 அக்டோபரில், செயற்கைக்கோள் டிரான்ஸ்மிட்டர் பொருத்திய ஓர் இளம் மூக்கன் அலாஸ்காவிலிருந்து கிளம்பி டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்கவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,230 கிலோமீட்டர், மணிக்கு 51. ஒராங்குட்டான் ஒரு நாளில் நகர்வது பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. நாளுக்கு முழுதாக ஒரு கிலோமீட்டர் என்றே வைத்தாலும், மூக்கன் 11 நாளில் போனதைக் கடக்க அதற்கு 37 ஆண்டுகள் பிடிக்கும். (மூக்கன் ஆயுளில் பறக்கும் தூரத்தை நிலவுக்கு உள்ள தூரத்தோடு ஒப்பிடும் வழக்கம் ஒன்று உண்டு. கேட்கச் சுகம்தான், ஆனால் நிலவு நம் கேள்விக்குள் வரவில்லை. ஒராங்குட்டானின் 37 ஆண்டு வருகிறது.)

ஒரு எச்சரிக்கை: சாதனைப் பறவையைச் சராசரிப் பறவையாக்காதீர்கள். 2007இல் செயற்கைக்கோள் வழியே தொடரப்பட்டுப் புகழ்பெற்ற ஈ7 என்ற பெட்டை அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு எட்டு நாட்களில் ஏறத்தாழ 11,700 கிலோமீட்டர் பறந்தது. வழக்கமான தெற்குப் பயணத்துக்கு அந்த எண்ணே நெருக்கம்.

அடுத்து ஆற்றல். ஒராங்குட்டானின் செலவை ஹெர்மன் பொன்ட்சர் குழு 2010இல் வெளியிட்டது. அமெரிக்காவின் அயோவாவில், நடமாட இடமுள்ள வளாகத்தில் வாழ்ந்தவற்றை வைத்துச் செய்த ஆய்வு. 110 கிலோவைத் தாண்டிய ஆண், நாளுக்குச் செலவிட்டது சுமார் 2,000 கிலோகலோரிதான். உடல் எடையைக் கணக்கில் எடுத்தால், அளக்கப்பட்ட பாலூட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும்விடக் குறைவு. மரத்தில் தொங்கும் ஸ்லாத் போன்ற சிலவே அதற்கும் கீழே.

மூக்கனுக்கு: 1987இல் அலாஸ்காவில் வலசை கிளம்பிய கையோடு ரேடார் கோபுரத்தில் மோதி இறந்த இளம் பறவைகளை ராபர்ட் கில்லும் தெயூனிஸ் பியர்ஸ்மாவும் ஆராய்ந்தார்கள். உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு, ஏறத்தாழ 200 கிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோகலோரி என்றால் 1,800. அதை 11 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 165 அளவில் வரும்.

2,000 எங்கே, 165 எங்கே! குரங்குதான் அதிகம் செலவழிக்கிறது என்று எழுதிவிடலாமா? எடையால் வகுங்கள். குரங்கு, கிலோவுக்கு 18. பறவையின் எடை வழிநெடுகக் குறைந்துகொண்டே போகும். சராசரியாக 270 கிராம் என்று வைத்தால், கிலோவுக்குச் சுமார் 600. முப்பத்து மூன்று மடங்கு.

இதுவும் முடிவல்ல. சின்ன உடம்பு எப்போதும் கிராமுக்கு அதிகமாகவே எரிக்கும், எலியும் அப்படித்தான். 1932இல் மேக்ஸ் கிளைபர் கண்ட விதிப்படி, கிலோவுக்கான செலவு எடையின் நான்காம் மூலத்துக்கு (வர்க்கமூலத்தின் வர்க்கமூலம்) எதிர்விகிதமாகப் போகிறது. இங்கே எடை விகிதம் சுமார் 400, அதன் நான்காம் மூலம் நாலரை. 33ஐ நாலரையால் வகுத்தால் ஏழு சொச்சம். உருவத்தின் சிறுமையால் வந்த பங்கைக் கழித்த பிறகு நிற்கும் ஏழு மடங்குதான் நாம் பேச வேண்டிய வித்தியாசம்.

அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. குரங்கின் சாதாரண நாளைப் பறவையின் ஆகக் கடினமான நாளோடு நிறுத்தியிருக்கிறேன். அப்படியென்றால் அந்த ஏழு மடங்கு "பறவை" என்பதன் விலை மட்டுமல்ல, பெரும்பகுதி "பறத்தல்" என்பதன் விலை. உங்கள் கணக்கில் இப்படி ஓட்டை இருந்தால் மறைக்காமல் பக்கத்திலேயே எழுதுங்கள். வாசகர் உங்களை அதனால்தான் நம்புவார்.

படி 6: இரண்டு நாட்காட்டி வரையுங்கள்

ஒரே காலக்கோட்டில் இரண்டையும் வைக்க முயன்று தோற்றவன் நான். மூக்கனுக்கு ஓர் ஆண்டுச் சக்கரம் போதும். ஒராங்குட்டானுக்கு ஏழெட்டு ஆண்டு வேண்டும்.

மூக்கனின் ஆண்டு: மார்ச் வாக்கில் நியூசிலாந்திலிருந்து வடக்கே, ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர், மஞ்சள் கடலின் சேற்றுப்படுகைகளுக்கு. அங்கே ஒரு மாதத்துக்கு மேல் தீனி. மே மாதம் மறுபடி 6,000 கிலோமீட்டருக்கு மேல், அலாஸ்காவுக்கு. வழக்கமாக நான்கு முட்டை, மூன்று வாரம் அடைகாப்பு, அதில் சேவலும் பெட்டையும் மாறி மாறி உட்காரும். குஞ்சு பொரித்த முதல் நாளே தானாக இரை பொறுக்கும், ஒரு மாதத்தில் பறக்கும். கோடை முடிவில் யூகான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகச் சேற்றில் கொழுத்து, வடபசிபிக்கில் புயல் உருண்டு நல்ல பின்காற்று கிடைக்கும் நாளாகப் பார்த்துத் தெற்கே கிளம்பும்.

கிளம்புவதற்கு முன் உடம்பையே மாற்றிக்கொள்கிறது. இறக்கைத் தசை பெருக்கும். இரைப்பை, குடல், கல்லீரல் சுருங்கும். பறக்கும்போது பயன்படாத பாரத்தை எதற்குச் சுமப்பது? போய்ச் சேர்ந்ததும் திரும்ப வளர்த்துக்கொள்ளும்.

ஒராங்குட்டானின் நாட்காட்டி: எட்டரை மாதக் கர்ப்பம், ஒரே குட்டி. முதல் ஓராண்டு தாயின் உடம்பை விட்டு அகலாது. பால்குடி ஆறேழு ஆண்டு. காட்டில் இறந்த ஒராங்குட்டான்களின் பற்களில் படிந்த பேரியத்தை (தாய்ப்பால் வழியே பல்லில் சேரும் தனிமம்) அளந்து 2017இல் வெளியான ஆய்வில், எட்டு வயதைத் தாண்டியும் பால் குடித்ததற்குத் தடயம் இருந்தது. பழம் குறையும் காலத்தில் பால் கூடுகிறது, பழம் வந்ததும் குறைகிறது. தாய்ப்பால்தான் குட்டியின் பஞ்சகால நிவாரணம். இரண்டு பிரசவங்களுக்கு இடையே ஏழெட்டு ஆண்டு, பாலூட்டிகளிலேயே இவ்வளவு நீண்ட இடைவெளி அரிது.

மேற்கு போர்னியோவின் குனுங் பாலுங் காட்டில் ஆய்வாளர் செரில் நாட் கண்டது இந்த நாட்காட்டியின் மையம். பழம் கொழித்த மாதத்தில் ஆண் நாளுக்கு 8,000 கிலோகலோரிக்கு மேல் தின்றது. பஞ்ச மாதத்தில் 4,000க்கும் கீழே இறங்கியது. பெண்ணுக்கு வீழ்ச்சி இன்னும் கொடுமை, 2,000க்கும் கீழே. மரப்பட்டையும் இலையுமே தீனி. அப்போது அவற்றின் சிறுநீரில் கீட்டோன்கள் தென்பட்டன. சேர்த்துவைத்த கொழுப்பை உடம்பு எரித்துக்கொண்டிருந்ததற்கு அது சான்று.

இப்போது இரண்டு நாட்காட்டியையும் அருகருகே வையுங்கள். படி 2இன் கேள்விக்கு விடை தாளிலேயே தெரியும். இரண்டும் தீனி கிடைக்கும்போது உடம்பில் கொழுப்பை ஏற்றுகின்றன. மூக்கன் அதைப் பதினோரு நாளில் எரித்துத் தூரமாக மாற்றுகிறது. ஒராங்குட்டான் மாதக்கணக்கில் எரித்துக் காலமாக மாற்றுகிறது. நாய்க்கும் கோழிக்கும் இந்த வரியை ஒட்டவைக்க முடியாது.

படி 7: கற்றதா, கொண்டுவந்ததா?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒராங்குட்டான் குட்டி நூற்றுக்கணக்கான தீனிகளைத் தாயின் வாயருகே முகத்தை வைத்துப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொள்கிறது. இளம் மூக்கன்கள் பலவும், வளர்ந்தவை கிளம்பிப் போன பிறகு, ஒருமுறைகூடப் பார்த்திராத கடலின் மேல் புறப்படுகின்றன. ஒன்று பார்த்துக் கற்கிறது, மற்றது பெரிதும் பிறவியிலேயே கொண்டுவருகிறது. ஆனால் இதைக் கறுப்பு வெள்ளையாக எழுதிவிடாதீர்கள். மூக்கனும் எந்தக் காற்றில் கிளம்புவது என்று தேர்ந்தெடுக்கிறது. 2022இல் சுமத்ராவின் சுவாக் பாலிம்பிங்கில் ராக்குஸ் என்ற ஆண் ஒராங்குட்டான், முகத்தில் பட்ட காயத்தில் ஒரு மூலிகைக் கொடியின் இலையை மென்று சாறு தடவியது. அதை யாரிடம் கற்றது என்று யாரும் பார்க்கவில்லை.

படி 8: எதில் உடையும் என்று கேளுங்கள்

பலம் எதுவோ அங்கேதான் பலவீனமும் இருக்கும். காத்திருக்கும் உயிருக்கு அந்தக் காடு ஒன்றுதான். செம்பனைத் தோட்டத்துக்காக வெட்டினாலோ, 1997இலும் 2015இலும் நடந்ததுபோல் கரிப்புதைநிலம் பற்றி எரிந்தாலோ, அதற்குப் போக்கிடம் இல்லை. மூன்று இனங்களும் இன்று மிகவும் அருகிவிட்டவை என்ற பட்டியலில். தபனூலியில் எஞ்சியிருப்பவை 800க்கும் குறைவு.

பறந்து போகிறவனுக்கு என்ன கவலை என்று தோன்றும். அவனுக்கு மூன்று இடம் வேண்டும், மூன்றும் வேண்டும். நடுவில் உள்ள மஞ்சள் கடல், சங்கிலியின் கண்ணி. ஐம்பது ஆண்டுகளில் அதன் சேற்றுப்படுகையில் பாதிக்கு மேல் நிலமாக மேடேற்றப்பட்டுவிட்டது. தென் கொரியாவின் சேமன்கும் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் சுவர் 2006இல் அடைத்தது. சீனாவின் கரைப் பகுதிகள் 2019இலும், கொரியாவின் சேற்றுப்படுகைகள் 2021இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது கொஞ்சம் ஆறுதல்.

இனப்பெருக்கக் கணக்கையும் இங்கே போடுங்கள். பெண் ஒராங்குட்டான் முதல் குட்டி ஈனுவது 15 வயது வாக்கில். ஐம்பது வரை வாழ்ந்தாலும் நாலைந்து குட்டிதான். மூக்கனுக்கு ஆண்டுக்கு நான்கு முட்டை என்பது தாராளம்போல் இருக்கும், ஆனால் பெரும்பாலான குஞ்சுகள் தேறுவதில்லை. வளர்ந்த பறவைகளோ பத்தில் ஒன்பதுக்கு மேல் அடுத்த ஆண்டைப் பார்க்கின்றன. ஆகவே இரண்டு இனமுமே வளர்ந்தவர்களின் நீண்ட ஆயுளை நம்பித்தான் ஓடுகிறது. இவ்வளவு எதிரெதிரான இரண்டு உயிர்களில் நான் எதிர்பாராத ஒற்றுமை இது. தாய் ஒராங்குட்டான் ஒன்று சுடப்பட்டால் போகும் இழப்பு, ஒரு குஞ்சோ முட்டையோ போவதைப்போல் சீக்கிரம் ஈடாகாது.

படி 9: அட்டவணை இப்போது

ஆமாம், இப்போதுதான். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்: தீனி எப்போது இல்லை, கொழுப்பு எங்கே சேர்கிறது, எவ்வளவு நாளில் கரைகிறது, குட்டி அல்லது குஞ்சு எப்போது தனியாகும், எந்த இடம் போனால் எல்லாம் போகும். கட்டங்கள் சமமாக நிரம்பவில்லை என்று கவலைப்பட வேண்டாம். காட்டில் வாழும் ஒராங்குட்டானின் எடைக்கு 85 கிலோ அளவிலான ஆணைப் போடுங்கள், அயோவாவின் 110 கிலோக்காரரைப் போடாதீர்கள். அது அடைப்பு வாழ்க்கையில் ஏறிய சதை.

ஆறாவதாக ஒரு வரிக்கு ஆசைப்பட்டால், வயதைப் பொதுவாக வைத்து ஒன்று சேருங்கள். 13,560 கிலோமீட்டர் பறந்த அந்த மூக்கனுக்கு அப்போது வயது சுமார் ஐந்து மாதம். அதே ஐந்து மாதத்தில் ஒராங்குட்டான் குட்டி தாயின் விலாப்புற மயிரைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, அம்மா போகும் மரத்துக்கெல்லாம் தானும் போய்க்கொண்டிருக்கும்.